கொலையாளியை மாற்றிய கதை: கேம் மாஸ்டர் எதைத் தயார் செய்ய வேண்டும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் நடத்திய ஒரு ஆட்டத்தில், பாதி வழியில் கொலையாளியை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டம் அமர்க்களமாக முடிந்தது. ஆறு மாதம் கழித்து டீ குடிக்கும்போது, பெருமை தாங்காமல் நானே அதை உளறிவிட்டேன். அன்றிலிருந்து இந்தக் கட்டுரை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சாலேயே ஆடுகிற ஆட்டம். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். கேம் மாஸ்டர் (இனி ஜி.எம்.) மட்டும் மிச்ச உலகம் முழுவதும்: ஊர், மழை, போலீஸ்காரர், வில்லன், வில்லனின் மாமியார். "ஜன்னல் வழியா உள்ளே குதிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அடுத்து என்ன ஆகிறது என்று ஜி.எம். சொல்ல வேண்டும். முடிவு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்கிற இடத்தில் பகடை உருளும். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஆட்டம்.

ஜி.எம்.களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதித் தயார் செய்துகொண்டு வர வேண்டும் என்பது ஒரு கட்சி. வெறுங்கையோடு வந்து, ஆட்டக்காரர்கள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு அந்த நேரத்தில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு கட்சி. அதாவது இம்ப்ரவைஸ் செய்வது. முதல் கட்சி பழைய ஆட்டங்களுக்கு, இரண்டாவது கட்சி கதைக்கு முக்கியத்துவம் தரும் புதிய ஆட்டங்களுக்கு என்று ஒரு பங்கீடும் பேச்சுவழக்கில் இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். இப்போது இந்தக் கேள்வியே கோணலானது என்று நினைக்கிறேன். எவ்வளவு தயாரிப்பு என்பது முக்கியமில்லை. எதை முடிவு செய்துவிட்டோம், எதைத் திறந்து வைத்திருக்கிறோம், அது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா என்பதுதான் விஷயம்.

நான் செய்தது

கதை இதுதான். ஒரு கலங்கரை விளக்கத்தின் காவலாளி கொலையாகிறார். என் குறிப்பேட்டில் கொலையாளி அந்த ஊர் டாக்டர். மூன்றாவது வாரம், என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஊகத்தைச் சொன்னான். டாக்டர் இல்லை, காவலாளியின் தம்பி. எண்ணெய்க் கணக்கில் இருந்த ஓட்டை, ஈரமான பூட்ஸ், அணைந்து போன விளக்கு என்று நான் வேறு வேறு காரணத்துக்காகச் சொன்ன எல்லாவற்றையும் அவன் ஒரே நூலில் கோத்துவிட்டான். என் கதையை விட நன்றாக இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தேன். டாக்டர் தப்பித்தார், தம்பி மாட்டினான். கடைசி வாரம் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆறு மாதம் கழித்து நான் உண்மையைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "அப்ப நான் கண்டுபிடிக்கலடா. நீ எனக்குக் குடுத்த" என்றான். சண்டையெல்லாம் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கும் வந்தான். ஆனால் நோட்டு கொண்டு வரவில்லை.

இதை ஒருவரின் கோபம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் செய்தது மிகச் சரியான முடிவு. ஜி.எம். மனசு வைத்தால் எந்த ஊகமும் சரியாகிவிடும் என்றால், குறிப்பு எடுப்பதற்கு என்ன அர்த்தம்?

1969: தோல்வி என்று நினைத்த ஆட்டம்

இந்த ஆட்ட வகையின் பிறப்பிலேயே இரண்டு கட்சியும் கலந்துதான் இருந்தன. அமெரிக்காவின் மினியாபொலிஸ் – செயின்ட் பால் பகுதியில் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த டேவிட் வெஸ்லி, 1969இல் பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து ஒரு நெப்போலியன் காலத்து ஆட்டம் தயார் செய்தார். வழக்கமாகப் படைகளை மட்டும் நகர்த்துவார்கள். இவர் ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கு ஒரு பாத்திரமும், ஆளுக்கு ஒரு நோக்கமும் கொடுத்தார். ஆட்டம் ஆரம்பித்ததும் எல்லாம் கலைந்தது. ஆட்டக்காரர்கள் அவரை விட்டுவிட்டுத் தனித்தனியாகப் போய் தங்களுக்குள் பேரம் பேசினார்கள். இரண்டு பேர் துவந்த யுத்தம் செய்ய வேண்டும் என்று வந்து நின்றார்கள். அதற்கு விதியே இல்லை. அங்கேயே ஒன்று செய்துகொடுத்தார். வீட்டுக்குப் போகும்போது ஆட்டம் படுதோல்வி என்றுதான் நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் குழுவில் ஆடிய டேவ் ஆர்னசன் பிறகு பிளாக்மூர் என்ற தன் உலகத்தை உருவாக்கினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

வெஸ்லி என்ன தயார் செய்தார், என்ன தயார் செய்யவில்லை என்று பாருங்கள். யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது தயார். என்ன நடக்கும் என்பது தயாரில்லை. துவந்த யுத்த விதி அந்த நிமிஷத்தில் பிறந்தது. ஆனால் அந்த இருவருக்கும் பகை வந்ததற்குக் காரணம் முன்கூட்டியே எழுதிய நோக்கங்கள்.

தண்டவாளத்தின் குற்றம் எது?

தயாரிப்புக் கட்சிக்கு எதிராக எப்போதும் காட்டப்படும் உதாரணம் டிராகன்லான்ஸ். 1984இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக வெளிவரத் தொடங்கிய தொடர் இது. முதல் பாகத்தை எழுதியவர் ட்ரேசி ஹிக்மன். அதே வருடம் அவரும் மார்கரெட் வைஸும் சேர்ந்து எழுதிய நாவலும் வந்தது. நாவலில் வரும் வீரர்களையே நீங்கள் ஆடலாம். வாய்ப்பு அருமைதான். ஆனால் நாவலில் பின்னால் வர வேண்டிய ஆள் ஆட்டத்தில் முன்னாலேயே செத்துப்போனால்? அதற்கும் அந்தத் தொடரில் ஒரு ஏற்பாடு இருந்தது. முக்கியமானவர்கள் செத்தால், உடலை யாரும் பார்க்காத மாதிரி ஜி.எம். சாகடிக்க வேண்டும். பள்ளத்தில் விழலாம், ஆற்றில் அடித்துக்கொண்டு போகலாம். பிறகு தேவைப்பட்டால் திரும்பி வரலாம் இல்லையா?

இதைத் தண்டவாளம் போட்ட கதை, ரயில்ரோடிங், என்று திட்டுவார்கள். திட்டு நியாயம்தான். ஆனால் காரணம் என்று சொல்வது பெரும்பாலும் தப்பு. "ரொம்பத் தயாரித்துவிட்டார்கள்" என்பார்கள். இல்லை. வரைபடம், இடிந்த நகரம், படைகளின் நகர்வு என்று அந்தத் தொடரில் இருக்கும் பொருள்களை எத்தனை பக்கம் எழுதினாலும் குற்றமில்லை. குற்றம், முடிவையும் தயாரித்ததுதான். பகடை சொன்ன மரணத்தைக் கதை ரத்து செய்கிறது.

இந்த இடத்தில் என் டாக்டர் ஞாபகம் வந்து எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் தண்டவாளத்தின் எதிரி, இம்ப்ரவைசேஷன் கட்சி. ஆனால் நான் செய்ததும் இதேதான். அவர்கள் ஆற்றில் விழுந்தவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் கொலை செய்தவரைத் தப்பவிட்டேன். நல்ல கதைக்காக, ஏற்கெனவே நடந்ததை, மேசைக்குத் தெரியாமல் மாற்றினோம். ஒருவர் எழுதி வைத்து மாற்றினார், இன்னொருவர் எழுதாமல் மாற்றினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெறுங்கை என்ற தப்பான வாசிப்பு

இம்ப்ரவைசேஷன் கட்சியின் வேத நூலாகச் சொல்லப்படுவது அபோகலிப்ஸ் வேர்ல்ட். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் உருவாக்கி 2010இல் வந்தது. கதையைத் திட்டமிடாதே, என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆடுகிறோம் என்பது அதன் அடிப்படை. இந்தப் பாதியை மட்டும் படித்துவிட்டு, "தயாரிப்பே வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்று கிளம்பியவர்களில் நானும் ஒருவன்.

மீதிப் பாதியைப் படித்தால் கதை வேறு. முதல் நாள் கேள்வி கேட்டுக்கொண்டே ஆட்டக்காரர்களின் பின்னால் போகச் சொல்கிறது, சரி. ஆனால் அந்த நாள் முடிந்ததும் உட்கார்ந்து எழுதச் சொல்கிறது. யாரால் என்ன ஆபத்து, அந்த ஆபத்துக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் படிப்படியாக என்ன நடக்கும். இதற்கு ஒரு கடிகாரப் படம் வரைந்து பிரித்துக்கொள்ள வேண்டும். 12ஐத் தொட்டால் நடந்தே தீரும். ஜி.எம். வாயைத் திறக்கும்போது எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் அந்த நூல் நான்கு விஷயம் சொல்கிறது: அதன் கொள்கைகள், விதிகள், தயாரிப்பு, நேர்மை. தயாரிப்பும் நேர்மையும் அந்தப் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எழுதி வைத்துக்கொள்வது கதையை இழுத்துப் போவதற்கு இல்லை, ஜி.எம்.மைக் கட்டிப்போடுவதற்கு. கூட்டாளி சாக வேண்டும் என்று கடிகாரம் சொன்னால், எல்லோருக்கும் பிடித்த பாத்திரம் என்பதற்காக அவளை நான் காப்பாற்றக் கூடாது.

வின்சென்ட் பேக்கர் இதற்கு முன்பு, 2004இல் வெளியிட்ட டாக்ஸ் இன் த வைன்யார்ட் இன்னும் தெளிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்குப் பகுதியை ஒத்த கற்பனை நிலம். ஊர் ஊராகப் போய் பாவங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் இளம் மதக் காவலர்கள்தான் ஆட்டக்காரர்கள். ஜி.எம். ஒவ்வொரு ஊரையும் ஒரு படிக்கட்டு மாதிரி தயாரிக்கிறார்: ஒருவரின் அகந்தையில் ஆரம்பித்து, அநீதி, பாவம் என்று ஏறி, கொலை வரை. ஊர் எந்தப் படியில் இருக்கிறது, அங்கே யாருக்கு இந்தக் காவலர்களிடமிருந்து என்ன வேண்டும், இவர்கள் வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் தயார். அவர்கள் வந்தபிறகு என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. இன்னொன்று, ஊர் ரகசியங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளாதே, வெளியே கொட்டு என்கிறது. சுவாரஸ்யம் கண்டுபிடிப்பதில் இல்லை, கண்டுபிடித்தபிறகு என்ன தீர்ப்பு சொல்வாய் என்பதில். கடந்த காலம் கெட்டி, எதிர்காலம் காலி.

அப்படியானால் மாற்றவே கூடாதா?

இங்கே என் வாதத்துக்கு எதிராக இரண்டு நல்ல ஆட்டங்கள் வந்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டிப் போக முடியாது.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் (2017) திருடர் கூட்டத்தின் கதை. கொள்ளைக்குத் திட்டம் போட்டே மூன்று மணி நேரம் வீணாவதைத் தவிர்க்க, நேரே கொள்ளைக்குள் இறங்கிவிடுவார்கள். நடுவில் மாட்டிக்கொண்டால், "நேத்தே இந்தக் காவலாளிக்குக் காசு கொடுத்து வெச்சிருந்தேன்" என்று ஒரு ஃபிளாஷ்பேக் சொல்லலாம். கடந்த காலத்தையே இம்ப்ரவைஸ் செய்வது! ஆனால் பாருங்கள், அதற்கு ஸ்ட்ரெஸ் என்ற விலை உண்டு. சாதாரண வேலைக்கு விலை இல்லை. சிக்கலாகச் சிக்கலாக ஏறும். மேசையில் ஏற்கெனவே நடந்துவிட்டதை ஃபிளாஷ்பேக்கால் அழிக்கவும் முடியாது.

ஜேசன் கார்டோவாவின் பிரிண்டில்வுட் பே இன்னும் நேராக என்னைக் குத்துகிறது. நியூ இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் துப்பறியும் பாட்டிமார்கள். எழுதி வைத்த கொலையாளி என்று யாருமே இல்லை, ஜி.எம்.முக்கும் தெரியாது. துப்புகளைச் சேர்த்து ஆட்டக்காரர்கள் ஒரு ஊகத்தைச் சொல்கிறார்கள். இரண்டு பகடை போட்டு, பயன்படுத்திய துப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வழக்கின் சிக்கலுக்கான எண்ணைக் கழித்தால், ஊகம் சரியா என்று தெரிந்துவிடும். அதாவது நான் திருட்டுத்தனமாகச் செய்ததையே இந்த ஆட்டம் விதியாக எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் என் நண்பன் இந்த ஆட்டத்தில் ஏமாந்தவனா? இல்லை. ஏனென்றால் உட்காரும்போதே அவனுக்குத் தெரியும், தான் துப்பறிகிறவன் மட்டுமில்லை, எழுதுகிறவனும் என்று. கைதட்டு அந்த எழுத்துக்கு. என் மேசையில் அவன் துப்பறிகிறவனாக உட்கார்ந்தான்; நான் அவனுக்குத் தெரியாமல் அவனை எழுத்தாளன் ஆக்கிவிட்டு, துப்பறிந்ததற்கான பாராட்டை அவனுக்கே கொடுத்தேன். அவன் சொன்ன "குடுத்த" என்ற சொல்லின் எடை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எப்போது பூட்ட வேண்டும்?

நடைமுறைக்கு வருவோம். தயாரிப்பைக் குறைப்பது பற்றி மிகப் பயனுள்ளதாக நான் படித்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஷே. 2018இல் வந்த அவருடைய ரிட்டர்ன் ஆஃப் த லேஸி டன்ஜன் மாஸ்டர் நூலில் ஒரு யோசனை: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு பத்து ரகசியங்களை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அவை எங்கே, யாரிடமிருந்து தெரியவரும் என்று எழுதாதீர்கள். ஆட்டக்காரர்கள் நூலகத்துக்குப் போனால் நூலகத்தில், சாராயக்கடைக்குப் போனால் சாராயக்கடையில். எதைத் தளர விடலாம் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. வெளிவராத ரகசியம் உண்மையே ஆகவில்லை, பிடிக்காவிட்டால் தூக்கிப் போடலாம் என்பது அவர் பக்கம். சாகசக் கதைக்குச் சரி. துப்பறியும் கதையில் ரகசியம் வெளிவருவதற்கு முன்னாலேயே அதன் நிழல் விழுந்துவிடுகிறது. "டாக்டர் செய்தார்" என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் டாக்டர் செய்ததால்தான் அந்த மருந்துப் பெட்டி காலியாக இருந்தது. ஆட்டக்காரர் அந்தக் காலிப் பெட்டியை வைத்து இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

என் தொழிலில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. நிரலின் உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே கொடுத்த இன்டர்ஃபேஸை மாற்றக் கூடாது. அதிலும் கொடுமை, நாம் உறுதி சொல்லாத விஷயமாக இருந்தாலும், வெளியே தெரிந்தால் போதும், யாரோ ஒருவர் அதன் மேல் சாய்ந்துகொண்டிருப்பார். ஜி.எம். குறிப்பேடும் அப்படித்தான். முதல் துப்பு வெளியே போகும் வரை எல்லாம் வரைவு. போன நிமிஷத்திலிருந்து அதற்குக் காரணமான உண்மை பூட்டப்பட்டது.

ஜஸ்டின் அலெக்சாண்டர் 2009இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கதைப்பின்னலைத் தயாரிக்காதீர்கள், சூழ்நிலையைத் தயாரியுங்கள் என்று வாதிட்டார். அதற்கு முந்தைய வருடம் அவர் எழுதிய இன்னொரு யோசனை, எந்த முடிவுக்கு ஆட்டக்காரர் வர வேண்டுமோ அதற்குக் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள் என்பது. ஆட்டம் நின்றுபோகாமல் இருக்க உதவும் யோசனையாகத்தான் இதைப் பார்க்கிறோம். எனக்கு இன்னொரு பயனும் தெரிகிறது. மூன்று துப்பு வெளியே போய்விட்டால், மாற்றும் சபலம் வந்தாலும் ஜி.எம்.மால் மாற்ற முடியாது.

இப்போது நான் ஒரே ஒரு தாள் தயார் செய்கிறேன். பேனாவால் எழுதுவது: ஏற்கெனவே நடந்தது, யாருக்கு என்ன வேண்டும். பென்சிலால் எழுதுவது: யாரும் தலையிடாவிட்டால் அடுத்து என்ன நடக்கும், துப்பு எங்கே கிடைக்கும். பின்பக்கம் முப்பது பெயர்கள். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் பெயர் வைக்கச் சொன்னால் என் ஊர்களில் எல்லா ஆண்களும் ஜான் ஆகிவிடுகிறார்கள். முடிவு என்று எதுவும் எழுதுவதில்லை. மிச்சமெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வருவதுதான். முன்பை விட இப்போது அதிகமாகவே இம்ப்ரவைஸ் செய்கிறேன் என்று நினைக்கிறேன். பேனா எழுத்து கெட்டியாக இருப்பதால் பயமில்லாமல் பேச முடிகிறது.

"ஆட்டக்காரருக்குத் தெரியாத வரை என்ன நஷ்டம், எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்?" என்று ஒரு ஜி.எம். நண்பர் கேட்டார். அன்று ராத்திரி நஷ்டமில்லைதான். ஆனால் ஒவ்வொரு ஊகமும் சரியாக வரும் மேசையில், தெரியவரா விட்டாலும் மெல்ல உறைத்துவிடும். பிறகு யாரும் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல கதை கேட்பார்கள், கைதட்டுவார்கள், கிளம்பிவிடுவார்கள்.

புதிய ஆட்டம் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. மறுபடி ஒரு கொலை. கொலையாளியின் பெயரை ஒரு கோப்பில் எழுதி, அதன் ஹாஷ் எண்ணை வாட்ஸப் குழுவில் போடலாம் என்று முதலில் யோசித்தேன். "ஒரு கவர் வாங்க அஞ்சு ரூபாய் இல்லையாடா?" என்று கேட்டான் நண்பன். கவரில் போட்டு ஒட்டி, அவனிடமே கையெழுத்து வாங்கி, பகடைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

அவன் ஊகம் இந்த முறையும் என் கதையை விட நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு. கை அரிக்கத்தான் செய்கிறது.